கடற்கோட்டையும் காய் நகர்த்தலும்

போரை மேசைமீது விரித்து ஆடும் கலைக்கு ஐரோப்பாவில் பெயர் பொறித்த கர்த்தாக்கள் உண்டு. பிரஷ்ய நாட்டு றைஸ்விற்ஸ் என்பவர் 1812இல் தமது மன்னருக்கு ஒரு போர் விளையாட்டைச் சமர்ப்பித்தார். பீரங்கிப்படை அதிகாரியான அவரது மகன் 1824இல் அதனைச் செம்மைப்படுத்தி விதிநூலாக வெளியிட்டார். அமெரிக்கரான சார்ள்ஸ் ரொபேர்ட்ஸ் 1954இல் 'ரக்ரிக்ஸ்' என்ற ஆட்டத்தையும், 1958இல் அமெரிக்க உள்நாட்டுப் போரின் கெற்றிஸ்பேர்க் சமரை வைத்து இன்னொன்றையும் விற்பனைக்குக் கொண்டுவந்தார்.

எமது நாட்டு ஆட்டங்களுக்கோ ஆக்கியோன் பெயர் இல்லை. நீர்ப்பாசனப் பொறியியலாளராக இங்கு பணியாற்றிய ஹென்றி பார்க்கர், 1909இல் வெளிவந்த தமது 'பண்டைய இலங்கை' என்ற ஆங்கில நூலில், கிராமத்தவர் ஆடியவற்றைப் பதிந்து வைத்திராவிடில் பல மறைந்தே போயிருக்கும். அவர் குறிப்பிடும் 'பெரலி கொட்டும' என்பது போர் அடைப்பு எனப் பொருள்படும். ஆளுக்கு 23 காய்கள். பலகையிலோ 49 புள்ளிகள். தொடக்கத்தில் வெறுமையாய் இருப்பவை மூன்றே. நகர இடமின்றி நெருங்கி நிற்பதே அதன் போர்முறை. யாழ்ப்பாணத்து 'நாயும் புலியும்' வேறு வகையினது. பலம் குன்றிய நாய்கள் பலவாய்ச் சேர்ந்து, பாய்ந்து வெட்டும் புலியை அசையவிடாது மடக்க வேண்டும். தமிழகத்தின் ஆடுபுலி ஆட்டம் இதற்கு உறவு. ஆக, முற்றுகையின் இலக்கணத்தை எம்மவர் மண்ணிற் கோடு கீறியே கற்றனர்.

இக்கலைக்கு ஊர்காவற்றுறையைப் போன்றதொரு களம் எளிதிற் கிட்டாது என்பது என் எண்ணம். முதலாம் பராக்கிரமபாகு பன்னிரண்டாம் நூற்றாண்டில் நயினாதீவில் பொறிப்பித்த தமிழ்ச் சாசனம், அந்நிய வணிகர் ஊராத்துறைக்கே வரவேண்டும் என்கிறது. யானை, குதிரை கொண்டுவரும் கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மிகுதி உடையவனுக்கு. வணிகச் சரக்குக் கப்பல் உடைந்தால் செம்பாதி. சதுரங்கத்தில் நிற்கும் அதே யானையும் குதிரையும் இங்கு மெய்யாகவே கடலில் வந்தன. ஆட்டவிதி போன்று அத்தனை துல்லியமான பங்கீட்டுச் சட்டமும் கல்லில் இருக்கிறது.

அடுத்த களம் ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே கடல்நடுவே நிற்கும் கடற்கோட்டை. போர்த்துக்கேயர் எழுப்பியது, பின்னர் ஒல்லாந்தர் அதனை ஹம்மன்ஹீல் என அழைத்தனர். பன்றித்தொடையின் குதிப்பகுதி என்பது அதன் பொருள். இலங்கைத் தீவின் வடிவம் அவர்கள் கண்ணுக்கு அவ்வாறு தோன்றிற்று. 1658இல் வான் கூன்ஸ் தலைமையில் வந்த ஒல்லாந்தரிடம் அது வீழ்ந்தமைக்கு நன்னீர் இன்மையே காரணமாயிற்று. நாற்புறமும் நீர், குடிக்கத் துளியில்லை. அவ்வாண்டு யூனில் யாழ்ப்பாணக் கோட்டையும் சரணடைந்தது. எனவே இக்கோட்டையை ஆட்டமாக்குபவர், பீரங்கிக்கு முன்னர் தண்ணீரைக் கணக்கிட வேண்டும். தீவகத்தார்க்கு இது புதிய பாடமன்று. சுண்ணக்கல்லின் உள்ளே உவர்நீர்மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படலத்தை நம்பியே எமது கிணறுகள் இருக்கின்றன. அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு ஏறும்.

ஆயினும் என் மனத்தை உறுத்துவது வேறொன்று. மேலே சொன்ன எந்தப் பலகையிலும் குடிமக்களுக்குக் காய் இல்லை. போர்க்காலத்தில் பத்திரிகைகளில் நாங்கள் எழுதிய 'முன்னகர்வு', 'பின்வாங்கல்', 'நிலைகள்' ஆகிய சொற்கள் யாவும் பலகைச் சொற்களே. 1990 ஓகஸ்டில் இராணுவம் தீவகத்தில் இறங்கியபோது வீடுவாசலையும் ஆடுமாடுகளையும் விட்டு வெளியேறிய மக்கள், அம்புக்குறி போட்ட எந்த வரைபடத்திலும் இடம்பெற்றிலர்.

ஊர்காவற்றுறையை வைத்து எமது இளைஞர் எவரேனும் ஓர் ஆட்டம் அமைப்பாராயின் அகமகிழ்வேன். அதில் கோட்டை இருக்கட்டும், கப்பலும் யானையும் இருக்கட்டும். கிணறும் அதில் தண்ணீர் அள்ளுபவளும் இருக்கவேண்டும். கோட்டையைப் பிடித்தவர் வென்றாரா என்பதை, இறுதியில் ஊரில் எத்தனை பேர் மிஞ்சியிருக்கின்றனர் என்று எண்ணியே தீர்மானிக்கும் விதி ஒன்றும் அதில் வேண்டும்.