கணினி அச்சுக்கோப்பில் இயல் தலைப்பு

ஓலைச்சுவடிகளில் ஓர் இயல் முடிந்து மற்றோர் இயல் தொடங்குமிடத்தே பெரும் வெற்றிடம் விடப்படுவதில்லை. ஓலையின் அருமை அத்தகையது. ‘முற்றிற்று’ என்னும் சொல்லே எல்லைக்கல்லாய் நின்றது. இயலுக்குத் தனிப்பக்கமும், தலைப்புக்குப் பெரிய எழுத்தும், அதன்மேல் வெண்மையும் தந்தது அச்சுக்கலை. அவ்வெண்மையின் அளவை ஈய எழுத்துக்காலத்தில் அச்சுக்கோப்பாளரின் கண் தீர்மானித்தது. அக்கண்ணின் வேலையைக் கணிப்பொறி ஏற்ற கதை கவிஞரும் அறியத்தக்கதே.

1977ஆம் ஆண்டு, ஸ்டான்ஃபோர்டுப் பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்டு நூத், கணிப்பொறி நிரலாக்கம் பற்றிய தம் பெருநூலின் இரண்டாம் தொகுதிக்கு மறுபதிப்பு மெய்ப்பினைக் கண்டார். 1969இல் ஈய எழுத்தில் அழகுற வந்த நூல், புதிய ஒளி அச்சுக்கோப்பில் பொலிவிழந்து கிடந்தது. மனம் வெதும்பியவர் தாமே ஓர் அச்சுக்கோப்பு முறையை ஆக்கத் துணிந்தார். டெக் எனப்பட்ட அம்முறை ஓராண்டில் முடியும் என எண்ணினார். அது பத்தாண்டை விழுங்கிற்று. தம் நூலின் தோற்றத்துக்காக ஓர் ஆசிரியர் இத்துணை உழைத்தது அரிய நிகழ்ச்சி.

டெக்கின்மேல் லெஸ்லி லாம்போர்ட் 1980களில் லேடெக்கை எழுப்பினார். அதன் கையேடு 1986இல் வெளிவந்தது. எழுதுவோர் ‘இது இயல் தலைப்பு’ என்று மட்டும் சொல்ல வேண்டும், அதன் வடிவத்தை வடிவமைப்பாளர் பார்த்துக்கொள்வார் என்பது அவர் கொள்கை. கொள்கை உயர்ந்ததே. நடைமுறையிலோ வடிவமைப்பாளர் வரவில்லை. லேடெக் தன் ‘நூல்’ வகுப்பில் வைத்திருந்த வடிவமே உலகெங்கும் பரவிற்று: மேலே 50 புள்ளி வெண்மை, தடித்த எழுத்தில் ‘சாப்டர்’ என்னும் சொல்லும் எண்ணும், 20 புள்ளி இடைவெளி, இன்னும் பெரிய எழுத்தில் தலைப்பு, கீழே 40 புள்ளி. ஐம்பது புள்ளி என்பது முக்கால் அங்குலத்துக்குச் சற்றே குறைவு. ஆய்வேடுகள் பல ஒரே முகத்துடன் தோன்றியதற்கு இதுவே காரணம்.

மாற்ற விரும்பியவர்க்கு ஒரு பூட்டும் இருந்தது. தலைப்பை அமைக்கும் உள்ளாணையின் பெயரில், சாதாரண நிலையில் எழுத்தாக ஏற்கப்படாத குறி ஒன்று புகுத்தப்பட்டிருந்தது. அக்குறியை எழுத்தாக்கி, ஆணையின் வரிகளைப் படியெடுத்துத் திருத்திய பின்னரே அளவுகள் மாறும். வல்லுநர்க்கு இது எளிது, ஏனையோர் அஞ்சினர். 1990களில் ஸ்பெயின் நாட்டு ஹவியர் பெசோஸ் ஆக்கிய ‘டைட்டில்செக்’ தொகுப்பு அவ்வச்சத்தை நீக்கிற்று: எழுத்து, எண், இடைவெளி மூன்றையும் வெளிப்படையாகக் கூறினால் போதும். ஜெர்மானியரின் ‘கோமா-ஸ்கிரிப்ட்’ தலைப்பின்மேல் ‘இயல்’ என்னும் சொல்லையே விட்டுவிட்டு எண்ணை மட்டும் நிறுத்தியது. இச்சுருக்கம் மூலவடிவினும் மேலானது எனலாம்.

ஆயினும் பெரிய சிக்கல் அளவில் இல்லை; சொல்வரிசையில் இருக்கிறது. முதலில் சொல், பின்னர் எண் என்பது ஆங்கில மரபு. ஹங்கேரிய மொழி எண்ணை முன்வைப்பதால் அம்மொழிக்கான லேடெக் அமைப்பு தலைப்பாணையையே மாற்றியெழுதுகிறது. தமிழுக்கு ‘இயல் 2’ என்பதும் பொருந்தும். ‘இரண்டாம் இயல்’ என்பதே செவிக்கு இனிது. ஆனால் எண்ணுப்பெயரோடு ‘ஆம்’ சேர்க்கப் பொறியைப் பழக்கினால் தொடக்கத்திலேயே ‘ஒன்றாம் இயல்’ என இடறும். ‘முதல்’ என்பதற்குத் தனிவிதி எழுதியாக வேண்டும். தமிழ் அறிந்தோர் கை இங்கே தேவைப்படுகிறது.

கவிதைத் தொகுப்பில் தலைப்புக்கு எண்ணே வேண்டாதிருக்கலாம். அதற்கென உடுக்குறியிட்ட ஆணை உண்டு. மூல வகுப்பில் அதைப் பயன்படுத்தினால் எண் மறையும். கூடவே பொருளடக்கத்திலிருந்து தலைப்பும் மறையும். அதைத் தனியே சேர்க்க வேண்டும். பக்கத்தின் மேல்விளிம்பில் ஓடும் தலைப்பையும் மாற்றச் சொல்லாவிடில், புதிய பகுதியின் கவிதைகள்மீது முந்தைய பகுதியின் பெயரே நின்றுகொண்டிருக்கும்.