அம்பிகாபதி: தமிழ்த் திரையிற் காதலின் மொழி

1931இல் ‘காளிதாஸ்’ வெளிவந்ததோடு தமிழ்த் திரை பேசத் தொடங்கிற்று. எனினும் உரையாடலுக்குத் தனித்ததோர் இடம் அதில் உடனே அமைந்துவிடவில்லை. புராணக் கதைகளும் இசைநாடக மேடையின் பாட்டு மரபுமே மேலோங்கி நின்றன. 1934இல் வந்த ‘பவளக்கொடி’யில் ஏறத்தாழ 50 பாடல்கள் இருந்தன. இந்நிலை மாறத் தொடங்கியதை உணர 1937இல் வெளிவந்த ‘அம்பிகாபதி’யை நோக்குதல் வேண்டும்.

கம்பரின் மகன் அம்பிகாபதிக்கும் சோழ இளவரசி அமராவதிக்கும் இடையிலான காதலைக் கூறும் செவிவழிக் கதையே படத்தின் பொருள். சிற்றின்பம் கலவாத 100 பாடல்களைப் பாடி முடித்தால் காதலி கிட்டுவாள், தவறினால் மரணம். காப்புச் செய்யுளையும் சேர்த்தெண்ணிய இளவரசி, நூறும் முடிந்ததெனக் கருதி வெளிப்படுகிறாள். அவளைக் கண்ட கவிஞன் காதலைப் பாடிவிடுகிறான். ஒரு செய்யுளின் கணக்கில் உயிர் தங்கியிருக்கும் இக்கதைக்கு மொழி வெறும் துணைக்கருவியன்று. அதுவே கதையின் மையமாகும்.

படத்தின் நெறியாளர் எல்லிஸ் ஆர். டங்கன், 1935இல் இந்தியா வந்த அமெரிக்கர், தமிழறியாதவர். சேக்ஸ்பியரின் ‘ரோமியோவும் யூலியட்டும்’ நாடகத்துக் காதற் காட்சிகள் அவருக்கு முன்மாதிரியாயின. அவற்றின் உணர்வைத் தமிழாக்கும் பொறுப்பு உரையாடலாசிரியர் இளங்கோவனைச் சார்ந்தது. மணிக்கொடி எழுத்தாளரோடு தொடர்புடைய அவர், செறிவான இலக்கிய உரைநடையைக் காதலர் வாய்மொழியாக்கினார். பாபநாசம் சிவனின் பாடல்களாற் புகழ்பெற்ற எம். கே. தியாகராஜ பாகவதரும், அமராவதியாக நடித்த எம். ஆர். சந்தானலட்சுமியும் இப்படத்திற் பாட்டால் மட்டுமன்றிப் பேச்சாலும் காதலை உணர்த்தினர். சொற்பொருளை நேரே அறியாத நெறியாளருக்கோ முகபாவமும் அசைவும் ஒளியமைப்புமே காதலைப் புலப்படுத்தும் வழிகளாயிருந்தன. சொல்லும் காட்சியும் இவ்வாறு ஒன்றையொன்று தாங்கி நின்றமையே இப்படத்தின் கலைச்சிறப்பு எனலாம்.

இவ்விரண்டனுள் பின்வந்தோர் பெரிதும் போற்றியது சொல்லையே. இளங்கோவனின் நடை 1942இல் ‘கண்ணகி’யில் மேலும் ஓங்கிற்று. 1950இல் டங்கன் பணியாற்றிய ‘மந்திரி குமாரி’யில் மு. கருணாநிதியின் உரையாடல் அரசியற் கூர்மை பெற்றது. 1957இல் சிவாஜி கணேசனும் பானுமதியும் நடிக்க ‘அம்பிகாபதி’ மீண்டும் படமாயிற்று. உரையாடலாசிரியரின் பெயரே மக்களை அரங்குக்கு அழைக்கும் காலமும் வந்தது. தமிழ் உரைநடை பொதுமக்கள் செவியிற் பெருமிதத்தோடு ஒலிக்க இம்மரபு வழிவகுத்தது. ஆயினும் சொல் பெருகிய பல படங்களிற் காட்சி அதற்கு அடங்கிப்போயிற்று. ‘அம்பிகாபதி’ விட்டுச்சென்ற செல்வத்திற் பாதியே முறையாகக் கையேற்கப்பட்டது என்பதை அதன் வரலாற்றை ஆராய்வோர் மறத்தலாகாது.