1921 புளியந்தோப்புக் கலவரம்: ஏடுகள் எழுதியதும் எழுதாததும்

சென்னைத் தொழிலாளர் வரலாற்றை எழுதப் புகுவோர் 1921ஆம் ஆண்டைத் தொடாமல் செல்ல இயலாது. பெரம்பூரிலிருந்த பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளின் பெரும் வேலைநிறுத்தம் அவ்வாண்டில்தான் எழுந்தது; அது தோல்வியுற்றதும் அவ்வாண்டில்தான். அத்தோல்விக்குக் காரணம் கூறும் இடத்தில், புளியந்தோப்புச் சேரிகளில் வாழ்ந்த ஆதிதிராவிடத் தொழிலாளரைக் 'கருங்காலிகள்' என்னும் ஒற்றைச் சொல்லால் குறித்துவிட்டு மேலே செல்வது பலருக்கு வழக்கமாயிற்று. அச்சொல் எதனைச் சொல்லிற்று, எதனை மறைத்தது என்பதைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1918 ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. செல்வபதி செட்டியாரும் இராமானுஜுலு நாயுடுவும் அதற்கு அடிகோலினர், பி.பி. வாடியா தலைவரானார், திரு.வி. கலியாணசுந்தரனார் அதன் தூண்களுள் ஒருவராக விளங்கினார். சாதி மத வேறுபாடின்றித் தொழிலாளர் ஓரிடத்தில் கூடியதும், வெள்ளையர் நிருவாகத்தின் முன் நிமிர்ந்து நின்றதும் சிறிய செயல்கள் அல்ல. அப்பெருமையை நாம் குறைத்துக் கூறமாட்டோம்.

1920ஆம் ஆண்டின் இறுதியில் ஆலை நிருவாகம் கதவடைப்புச் செய்தது. கதவு சாதி பார்த்து அடைக்கப்படவில்லை. எல்லா வீட்டு அடுப்புகளும் அணைந்தன. டிசம்பர் 9ஆம் நாள் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டனர். வாடியா மீது நிருவாகம் உயர்நீதிமன்றத்தில் நட்டஈட்டு வழக்குத் தொடுத்துத் தடையுத்தரவும் பெற்றது. தொழிலாளரைத் திரட்டுவதே குற்றமாகிவிட்ட இந்நிலைதான், 1926இல் தொழிற்சங்கச் சட்டம் பிறப்பதற்குத் தூண்டுகோலாயிற்று. வாடியா சங்கப் பணியிலிருந்து விலகினார். அக்காயம் ஆறுமுன்னரே அடுத்த வேலைநிறுத்தம் 1921 ஜூனில் தொடங்கியது. இம்முறை ஆதிதிராவிடருள் பெரும்பாலோர் வேலைக்குச் சென்றனர்.

ஏன் சென்றனர்? இக்கேள்விக்கு விடை தேடாமல் தீர்ப்பு மட்டும் வழங்குவது வரலாறு ஆகாது. வேலைநிறுத்தக் காலத்தில் ஒரு குடும்பம் தாக்குப்பிடிக்க மூன்று துணைகள் வேண்டும்: கொஞ்சம் சேமிப்பு, திரும்பிச் செல்ல ஊரில் ஒரு காணி நிலம், கடன் கொடுக்க மனமுள்ள உறவினர் அல்லது கடைக்காரர். நிலவுரிமை மறுக்கப்பட்டுக் கிராமத்துப் பண்ணையடிமைத்தனத்திலிருந்து தப்பிவந்தவனுக்கு இம்மூன்றும் அரிதாகவே வாய்க்கும். அவனுக்கு ஆலைக் கூலியே சேமிப்பு, அதுவே காணி. மேலும், ஆலைக்குள் ஒரே தறியின் முன் நின்றவர்கள் ஆலைக்கு வெளியே ஒரே தெருவில் நடக்கவில்லை. ஒரே கிணற்றில் நீர் மொள்ளவில்லை. போராட்டத்தின் தலைமையோ சாதி இந்துக்களின் கையில் இருந்தது. முதல் மாதப் பசியை எல்லாரும் பகிர்ந்துகொள்ளலாம். மூன்றாம் மாதப் பசி ஒவ்வொரு வீட்டிலும் வெவ்வேறு வேகத்தில் வருகிறது. ஆதிதிராவிடர் தலைவரும் சட்டமன்ற உறுப்பினருமான எம்.சி. இராஜா தம் மக்கள் வேலைக்குச் செல்வதை ஆதரித்தமைக்கு இந்நிலையே அடிப்படை எனக் கருதுகிறோம். இப்பிளவை நிருவாகமும் அரசும் தத்தம் நலனுக்குப் பயன்படுத்திக்கொண்டன என்பதும் உண்மையே. பிளவைப் பயன்படுத்தியவன் வேறு. பிளவை நூற்றாண்டுகளாக உண்டாக்கி வைத்தவன் வேறு.

வேலைக்குச் சென்றவர்களின் குடிசைகள் ஜூன் மாத இறுதியிலிருந்து தீக்கிரையாயின. தாக்குதலும் எதிர்த்தாக்குதலும் மாதக்கணக்கில் தொடர்ந்தன. ஆகஸ்டு 29ஆம் நாள் போலீசார் சுட்டதில் உயிர்கள் பலியாயின. இறந்தவர் எப்பக்கத்தவராயினும் உழைத்து உண்டவரே. அக்டோபரில் வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்தது. எரிந்தவை ஏழைகளின் வீடுகள்; தோற்றவர்கள் ஏழைகள்; ஆலையின் கதவோ பழையபடி திறந்துகொண்டது.

இனி, இதனை ஏடுகளும் மேடைகளும் எவ்வாறு கண்டன என்று நோக்குவோம். அரசியலில் எதிரெதிராக நின்ற காங்கிரசாரும் நீதிக்கட்சியாரும் வேலைநிறுத்தம் செய்தோர் பக்கம் பரிவு காட்டுவதில் ஒத்திருந்தனர். நீதிக்கட்சித் தரப்பில், அரசின் தொழில் இலாகா ஆதிதிராவிடருக்கு அளவுகடந்து செல்லம் கொடுத்ததே கலவரத்துக்குக் காரணம் என்று வாதிடப்பட்டது. ஆதிதிராவிடரைச் சென்னை நகரத்தைவிட்டு வெளியேற்றிவிடலாம் என்ற யோசனையை அக்கட்சியின் தலைவர் சர் பி. தியாகராய செட்டியாரே முன்வைத்தார். குடிசை எரிந்தவனை ஊரைவிட்டு அகற்றுவதே அமைதிக்கு வழி என்று, பார்ப்பனரல்லாதாரின் உரிமைக்காக இயக்கம் கண்ட ஒருவர் கருத முடிந்தது! இப்போக்கினால் மனம் கசந்த எம்.சி. இராஜா 1923இல் அக்கட்சியை விட்டு விலகினார்.

அச்செல்லம் என்பது யாது? தொழில் இலாகா அப்போதுதான் தோன்றியிருந்தது. தாழ்த்தப்பட்டோர் குழந்தைகளுக்குப் பள்ளி, குடிநீர்க் கிணறு, குடியிருக்க மனை ஆகியவையே அதன் பணிகள். பிறர் பிறப்பிலேயே பெற்றிருந்த இவை, நம் மக்கள் கைக்கு எட்டத் தொடங்கியவுடன் 'செல்லம்' என்று பெயர் பெற்றன.

இதற்கு மறுமொழி எழுத நம் மக்களிடம் அன்று ஏடு இருந்ததா? இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தொடங்கிய 'பறையன்' 1900இல் நின்றுவிட்டது. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் தொடங்கிய 'தமிழன்', 1914இல் அவர் மறைந்தபின் நெடுங்காலம் நிலைக்கவில்லை. ஆகவே 1921இல், குடிசைகள் எரிந்தபோது, எரிந்த வீட்டின் வாசலிலிருந்து எழுதும் பேனா இல்லை. இது தற்செயலன்று, எழுத்தறிவும் அச்சுக்கூடமும் யாரிடம் இருந்தனவோ, அவர்களே கலவரத்துக்குப் பெயர் சூட்டினர்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய நிலையன்று. 1967 ஜூலையில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் பெருங்கலவரம் மூண்டு 43 பேர் இறந்தனர். அவர்களுள் 33 பேர் கறுப்பர். சேதம் 50 கோடி டாலர் என்று செய்திகள் பரவின. பின்னர்க் கணக்கிட்டபோது அது 4 கோடி முதல் 4½ கோடி டாலர் வரையே எனத் தெரிந்தது. குடியரசுத் தலைவர் ஜான்சன் அமைத்த கெர்னர் ஆணைக்குழு 1968இல் அளித்த அறிக்கையில் பத்திரிகைகளுக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கியது. செய்தித் துறையின் ஆசிரியப் பணிகளில் கறுப்பர் 100க்கு 5 பேருக்கும் குறைவு என்றும், வெள்ளையர் கண்கொண்டே ஏடுகள் உலகைக் காண்கின்றன என்றும் அது கூறியது. 1965இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் வாட்ஸ் பகுதி எரிந்தபோது, அந்நகரின் முன்னணி நாளேட்டில் கறுப்பினச் செய்தியாளர் ஒருவர்கூட இல்லை. விளம்பரப் பிரிவில் ஏவல் பணி செய்த ஓர் இளைஞரையே செய்தி சேகரிக்க அனுப்பினர். சேரி எரியும்வரை சேரிக்கு ஒரு செய்தியாளர் தேவை என அவ்வேடு எண்ணவில்லை.

நம் நாட்டின் நிலை என்ன? 1996இல் பி.என். உனியால் என்னும் பத்திரிகையாளர் தில்லியில் ஒரு தலித் செய்தியாளரைத் தேடிப் புறப்பட்டார். அரசின் அங்கீகாரம் பெற்ற செய்தியாளர் பட்டியலை ஆராய்ந்தும் ஒருவரையும் அவரால் காண இயலவில்லை. புளியந்தோப்புக்குப் பின் 75 ஆண்டுகள் கழிந்திருந்தன. அதே 1996இல்தான் அவ்வாலைகளும் மூடப்பட்டன.

ஒரு செய்தியை இங்கு நினைவுகூர வேண்டும். வீடுகள் எரிந்த அடுத்த ஆண்டில், 1922இல், எம்.சி. இராஜா சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தின் பயனாக, அரசு ஆவணங்களில் 'பறையர்', 'பஞ்சமர்' என்பவற்றுக்கு மாற்றாக 'ஆதிதிராவிடர்' என்னும் பெயர் ஏற்கப்பட்டது. பிறர் இட்ட பெயரை மறுக்கும் உரிமையை நம் முன்னோர் சாம்பலின்மேல் நின்றே வென்றனர். 'கருங்காலி' என்னும் பெயரை மறுக்கும் பணி நமக்கு எஞ்சியுள்ளது.

அப்பணிக்கு ஆத்திரம் மட்டும் போதாது, சான்று வேண்டும். பழைய ஆலைச் சம்பளச் சீட்டு, சங்கச் சந்தா இரசீது, மனைப் பட்டா, பள்ளிச் சான்றிதழ், பாட்டனார் பாட்டியார் சொல்லக் கேட்ட நிகழ்ச்சி ஆகிய எதுவாயினும் பரண்மேல் மக்கிப் போகவிடலாகாது. இவ்வெள்ளி விழா ஆண்டில், கழக நூலகத்தின் ஓர் அலமாரியை இதற்கென ஒதுக்க வேண்டும் என்பது எம் வேண்டுகோள். நம் பிள்ளைகள் பட்டம் பெறுவதோடு நில்லாமல், ஆவணக் காப்பகத்துக்குச் சென்று 1921ஆம் ஆண்டின் அரசாணைகளையும் ஏடுகளையும் தாமே படித்து எழுதட்டும். அவர்கள் எழுதும்போது வேலைநிறுத்தம் செய்து பசித்தவனுக்கும் நீதி செய்யட்டும். வேலைக்குச் சென்று வீடிழந்தவனுக்கும் நீதி செய்யட்டும்.