மெழுகுவர்த்தி முதல் அலுமினிய மரம் வரை: கிறிஸ்துமஸ் விளக்குகளின் கதை

டிசம்பர் நெருங்கினால் அமெரிக்காவின் பழைய பொருள் கடைகளில் ஒரு தனிக் கூட்டம் சேரும். அவர்கள் தேடுவது புதுச் சாமான்களை அல்ல. தாத்தா பாட்டி காலத்துக் கண்ணாடிக் குண்டுகள், குமிழி விடும் விளக்குகள், அலுமினியத்தில் செய்த பளபள மரங்கள்... ஒரு காலத்தில் மலிவு விலைக்கு விற்று, பிறகு பரணுக்கும் குப்பைக்கும் போன பொருட்கள் இவை. இன்று அவற்றை நல்ல விலை கொடுத்து வாங்குகிறார்கள். இது எப்படி நடந்தது?

மரமும் நெருப்பும்

ஊசியிலை மரத்தை வீட்டுக்குள் கொண்டு வந்து அலங்கரிப்பது ஜெர்மானியர் வழக்கம். 1848ல் விக்டோரியா மகாராணியின் குடும்பம் அப்படி ஒரு மரத்தைச் சுற்றி நிற்கும் படம் லண்டன் பத்திரிகை ஒன்றில் வந்தது. 1850ல் அமெரிக்காவின் 'கோடீஸ் லேடீஸ் புக்' அதே படத்தை எடுத்துக்கொண்டது. ராணியின் கிரீடத்தையும் கணவர் ஆல்பர்ட்டின் மீசையையும் நீக்கி, சாதாரண அமெரிக்கக் குடும்பம் போல மாற்றி அச்சிட்டது. விளம்பரம் என்றால் இதுவல்லவா விளம்பரம்! மரம் வைக்கும் பழக்கம் வேகமாகப் பரவியது.

ஆனால் மரத்தில் வெளிச்சம் வேண்டும் என்றால் மெழுகுவர்த்திதான். வெட்டிய மரம் நாளுக்கு நாள் காய்ந்துகொண்டே வரும். அதன் கிளையில் எரியும் திரி! பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரை வைத்துக்கொண்டு, சில நிமிடம் ஏற்றிப் பார்த்துவிட்டு அணைத்துவிடுவார்கள். அப்படியும் வீடுகள் எரிந்தன.

80 பல்புகள்

எடிசன் நியூயார்க்கின் பேர்ல் தெருவில் மின் நிலையத்தைத் திறந்தது 1882 செப்டம்பரில். அதே ஆண்டு டிசம்பரில், அவருடைய மின்விளக்கு நிறுவனத்தின் துணைத் தலைவர் எட்வர்ட் ஜான்சன் தன் வீட்டு மரத்தில் சிவப்பு, வெள்ளை, நீலம் என 80 பல்புகளைக் கையால் ஒயர் இழுத்து மாட்டினார். மரம் சுழலவும் செய்தது. நிருபர்களை அழைத்துக் காட்டினார். நியூயார்க் பத்திரிகைகள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. டெட்ராய்ட் பத்திரிகை ஒன்றுக்கு எழுதிய குரோஃபட் என்ற நிருபரால்தான் அந்த மரம் வரலாற்றில் நின்றது.

ஆனாலும் அது பணக்காரர் வீட்டு வேடிக்கையாகவே இருந்தது. வீட்டில் மின்சாரம் இருக்க வேண்டும், ஒயர் வேலைக்கு ஆள் வைக்க வேண்டும். 1903ல் ஜெனரல் எலக்ட்ரிக், பல்பு பொருத்தித் தயாராக இருக்கும் சரங்களை விற்கத் தொடங்கிய பிறகே நிலைமை மாற ஆரம்பித்தது.

அந்தக் காலச் சரத்தில் பொதுவாக 8 பல்புகள், ஒவ்வொன்றும் 15 வோல்ட். எட்டையும் வரிசையாக இணைத்தால் 120 வோல்ட், அதாவது அமெரிக்க வீட்டு மின்சாரத்துக்குச் சரியான கணக்கு. சிக்கல் என்ன? ஒன்று போனால் எட்டும் அணையும். எது போனது என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க வேண்டும். நம் ஊர்த் திருவிழா விளக்குக்கு 'சீரியல் செட்' என்று பெயர் வந்ததும் இந்த இணைப்பு முறையால்தான். பிறகு ஒவ்வொரு பல்பும் தனித்து எரியும் பக்க இணைப்புச் சரங்கள் வந்தன.

1946ல் நோமா நிறுவனம் குமிழி விளக்கைப் பெரிய அளவில் சந்தைக்குக் கொண்டு வந்தது. கண்ணாடிக் குழாயில் மெத்திலீன் குளோரைடு என்ற திரவம். சுமார் 40 டிகிரியிலேயே கொதித்துவிடும். கீழே இருக்கும் பல்பின் சூடே போதும், குமிழி விட்டுக்கொண்டே இருக்கும்.

ஊதியவரும் இயந்திரமும்

ஜெர்மனியின் லாஷா ஊரில் குடும்பம் குடும்பமாகக் கண்ணாடி ஊதி அலங்காரக் குண்டுகள் செய்தார்கள். 1880 முதல் வுல்வொர்த் தன் மலிவு விலைக் கடைகளில் அவற்றை விற்றுப் பெரும் லாபம் பார்த்தார். 1939ல் போர் மூண்டபோது அந்த வரத்து நிற்கும் நிலை. இறக்குமதியாளர் மேக்ஸ் எக்கார்ட் என்பவரும் வுல்வொர்த் நிறுவனமும் கார்னிங் கண்ணாடி நிறுவனத்தை அணுகினர். பல்பு ஊதும் இயந்திரம் அலங்காரக் குண்டுகளை ஊத ஆரம்பித்தது. லாஷாவில் ஒரு குடும்பம் நாள் முழுக்க ஊதியதை அது நிமிடங்களில் முடித்தது.

'ஷைனி பிரைட்' என்ற பெயரில் வந்த இவற்றுக்கும் போர்க்காலத் தட்டுப்பாடு வந்தது. உள்ளே பூச வெள்ளி இல்லை, மூடிக்கு உலோகம் இல்லை. வெறும் கண்ணாடியில் வண்ணக் கோடும், அட்டை மூடியும்தான். இன்று சேகரிப்பவர்கள் அந்த அட்டை மூடியைப் பார்த்தே ஆண்டைக் கணிக்கிறார்கள். அன்றைய குறையே இன்றைய மதிப்பு!

ஒரு மரத்தின் சரிவு

1959ல் விஸ்கான்சின் மாநிலத்தின் மானிட்டோவாக் ஊரில், அலுமினியப் பாத்திரம் செய்துவந்த நிறுவனம் ஒன்று 'எவர்கிளீம்' மரத்தை இறக்கியது. விலை சுமார் 25 டாலர். பத்து ஆண்டுகளில் பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. இதில் விளக்குச் சரம் மாட்டக்கூடாது. ஒயரின் உறை எங்காவது கிழிந்திருந்தால் மரம் முழுக்க மின்சாரம் பாயும். அதனால் தரையில் ஒரு விளக்கை வைத்து, அதன் முன்னால் நிறத்தட்டைச் சுழலவிட்டார்கள்.

1965 டிசம்பர் 9ஆம் தேதி சார்லி பிரவுன் கிறிஸ்துமஸ் படம் தொலைக்காட்சியில் வந்தது. அதில் அலுமினிய மரம் வியாபாரமாகிப்போன பண்டிகையின் அடையாளம். சார்லி தேர்ந்தெடுப்பதோ ஒரு நோஞ்சான் நிஜ மரம். ரசனையும் மாறிக்கொண்டிருந்தது. சில ஆண்டுகளில் விற்பனை படுத்தது. அறிமுகம், வளர்ச்சி, முதிர்ச்சி, சரிவு என்று வணிகவியல் பாடத்தில் வரையும் வளைகோட்டுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கடினம்.

ஆனால் பாடப் புத்தகத்தின் வளைகோடு சரிவோடு முடிகிறது. எவர்கிளீம் அங்கே முடியவில்லை. மானிட்டோவாக்கில் இரண்டு புகைப்படக் கலைஞர்கள் ஒதுக்கப்பட்ட மரங்களைச் சேகரித்து, 2004ல் படப் புத்தகமே வெளியிட்டார்கள். வியாபாரத்தின் அடையாளம் என்று கேலி செய்யப்பட்ட மரம், இப்போது குழந்தைப் பருவத்தின் அடையாளம்.

பழைய விளக்கை வீட்டில் மாட்ட விரும்புபவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. பழைய ஒயரின் உறை காய்ந்து வெடித்திருக்கும். அந்தப் பல்புகள் சூடாகும். குமிழி விளக்கு உடைந்தால் உள்ளிருக்கும் திரவம் நஞ்சு. பழைய சரத்தை எரியவிடாமல் அழகுக்கு வைத்துவிட்டு, அதே வடிவில் வரும் எல்.இ.டி. பல்புகளை ஏற்றுவது நல்லது. மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் வாளி வைத்தவர்களின் கவலை மின்சாரம் வந்த பிறகும் முழுதாகத் தீர்ந்துவிடவில்லை.