இளைப்பின் ஊற்றைத் தேடியவர்

‘இளைப்பு’ என்னும் சொல் தமிழில் இரு பொருள் தருவது. நெடுவழி நடந்தவன் இளைப்பாறுகிறான். அங்கே அது களைப்பு. நெஞ்சு நோயாளிக்கு இளைப்பு என்கிறோம். அங்கே அது மூச்சு முட்டுதல். விருதுநகர், சாத்தூர், சிவகாசி வட்டாரங்களில் பட்டாசு ஆலைக்கும் தீப்பெட்டி ஆலைக்கும் சென்று திரும்பும் மக்கள் இவ்விரு பொருளையும் பிரித்துப் பேசுவதில்லை. “இளைப்பா இருக்கு” என்று ஒருவர் சொன்னால், மூச்சும் வாங்குகிறது, கைகால்களும் ஓய்ந்துவிட்டன என்று ஒருசேரப் பொருள் கொள்ளல் வேண்டும். மக்கள் வழக்கில் இப்படிப் பிணைந்து கிடக்கும் இரண்டையும், நுரையீரலுக்குள் மறைந்திருக்கும் ஒரே வகை நரம்பு முனையோடு பொருத்திக் காட்ட முயன்ற இந்திய அறிஞர் ஒருவரைப் பற்றி எழுதப் புகுந்தோம். அவர் பெயர் அவதார் சிங் பெயின்டல். மருத்துவக் கல்லூரிகளுக்கு வெளியே தமிழகத்தில் அவரை அறிந்தார் மிகச் சிலரே.

1925ஆம் ஆண்டு செப்டம்பர் 24ஆம் நாள் மேல் பர்மாவில், மாணிக்கக் கற்களுக்குப் பெயர்போன மோகோக் என்னும் ஊரில் பெயின்டல் பிறந்தார். தந்தையார் மருத்துவர். (இரங்கூனுக்குக் கப்பலேறிய பாட்டனாரைப் பெற்ற நம் வாசகர்களுக்குப் பர்மா அயலூர் அன்று.) லாகூரில் கல்லூரிப் படிப்பு, பின்னர் லக்னோ கிங் ஜார்ஜ் மருத்துவக் கல்லூரி. 1948இல் பட்டம் பெற்றார். மருத்துவராகி நாடி பிடித்துப் பொருள் ஈட்டியிருக்கலாம். அவர் தேர்ந்ததோ, உடல் இயங்கும் முறையை ஆராயும் உடலியங்கியல். வருவாயும் குறைவு, விளம்பரமும் குறைவு என்று அன்று பலரும் ஒதுங்கிய துறை அது.

அவர் பணியின் அருமை விளங்க, ஏழு நூற்றாண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டியிருக்கிறது. இதயத்தின் வலப்பக்கத்துக் குருதி, நடுச்சுவரிலுள்ள கண்ணுக்குப் புலப்படாத துளைகள் வழியே இடப்பக்கம் கசிகிறது என்று கிரேக்க மருத்துவர் காலன் எழுதிவைத்தார். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் உலகம் அதை நம்பியது. டமாஸ்கஸில் பயின்று கெய்ரோவில் மருத்துவம் பார்த்த இப்னு நஃபீஸ், இப்னு சீனாவின் ‘கானூன்’ நூலின் உடற்கூற்றுப் பகுதிக்கு 1242இல் உரை எழுதியபோது அதை மறுத்தார். அச்சுவர் கெட்டியானது, அதில் துளையில்லை. குருதி நுரையீரலுக்குச் சென்று, காற்றோடு கலந்து, இடப்பக்கம் வந்து சேர்கிறது என்றார். நுரையீரலின் இருவகைக் குழாய்களுக்கும் இடையே நுண்ணிய வழிகள் இருத்தல் வேண்டும் என்பதும் அவர் துணிபு. அவ்வுரையின் கையெழுத்துப் பிரதி பெர்லின் நூலகத்தில் உறங்கிக் கிடந்தது. 1924இல் முஹ்யுத்தீன் அத்தத்தாவி என்னும் எகிப்திய மாணவர் தம் ஆய்வுக்காக அதை எடுத்துப் படித்த பின்னரே உலகம் விழித்துக்கொண்டது. இதற்கிடையில், 1661இல் இத்தாலியர் மால்பிகி தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியின் கீழ் வைத்து, அந்த நுண்வழிகளைக் கண்ணால் கண்டார். அவற்றையே இன்று தந்துகிகள் என்கிறோம்.

ஆக, இப்னு நஃபீஸ் அறிவால் உய்த்துணர்ந்ததை மால்பிகி கண்ணால் கண்டார். அந்தத் தந்துகியின் ஓரத்தில் ஒரு காவற்காரன் அமர்ந்திருக்கிறான் என்று காட்டும் பணி எஞ்சியிருந்தது. பெயின்டலின் பங்கு அதுவே.

நுரையீரலிலிருந்து மூளைக்குச் செய்தி செல்லும் பெருவழி, கழுத்தின் வழியாக இறங்கும் வேகஸ் நரம்பு. நுரையீரல் விரிந்தால் அந்நரம்பு மூளைக்கு அறிவித்து, உள்மூச்சை நிறுத்துகிறது என்று 1868இல் வியன்னாவில் ஹெரிங்கும் பிராயரும் கண்டறிந்தனர். 1933இல் இங்கிலாந்தின் ஏட்ரியன், அந்த நரம்பின் தனித்தனி இழைகளில் ஓடும் மின்துடிப்புகளையே பதிவு செய்தார். ஆனால் வேகஸ் என்பது ஆயிரக்கணக்கான இழைகள் முறுக்கிய வடம். தடித்த இழைகளின் குரல் எளிதில் கேட்கும். உறையற்ற மெல்லிய இழைகளின் குரலோ கேட்பதரிது. அவற்றில் துடிப்பு நொடிக்கு இரண்டரை மீட்டருக்கும் குறைவான வேகத்தில் ஊர்கிறது. மின்னளவும் மிகச் சிறிது. வேகஸில் பெரும்பாலானவை இத்தகைய இழைகளே என்பதுதான் வேடிக்கை. பெரும்பான்மையின் பேச்சைக் கேளாமலேயே நரம்பைப் பற்றிய பாடங்கள் எழுதப்பட்டு வந்தன!

1950இல் ராக்ஃபெல்லர் உதவித்தொகை பெற்று, ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் பேராசிரியர் விட்டரிட்ஜிடம் பெயின்டல் சேர்ந்தார். பூனையின் நரம்பைத் திரவப் பாரஃபினில் மூழ்கவைத்து, நுண்ணிய இடுக்கியால் இழை இழையாகப் பிரித்து, இறுதியில் ஒரே இழையை மின்முனை மேல் ஏந்தி, அதன் துடிப்பைக் கேட்கும் கைத்திறனை அங்கே வளர்த்துக்கொண்டார். பட்டு நெசவாளரின் பொறுமை வேண்டும் இதற்கு. முதற்பயன் இதயத்தில் கிட்டியது. இதய மேலறைகளில் இருவகை உணர்வேற்பிகள் உள்ளன: ஒன்று மேலறை சுருங்கும்போது பேசுவது; மற்றது குருதி வந்து நிரம்பும்போது பேசுவது. 1953இல் வெளியான இக்கண்டுபிடிப்பு இன்றும் பாடநூல்களில் நிலைத்திருக்கிறது. அடுத்த ஆண்டே, இரைப்பை நிரம்பியதை மூளைக்கு உணர்த்தும் நரம்பு முனைகளைப் பற்றியும் எழுதினார்.

தாயகம் திரும்பி, கான்பூரில் பாதுகாப்புத் துறை ஆய்வகம் ஒன்றில் சிறிது காலம் இருந்துவிட்டு, தில்லியில் வல்லபாய் படேல் நெஞ்சக ஆய்வு நிலையத்திற்கு வந்தார். அவருடைய பெரும்பணி வெளிநாட்டில் நிகழவில்லை, இங்கேதான் நிகழ்ந்தது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம்.

ஃபினைல் டைகுவனைடு என்னும் வேதிப்பொருளைப் பூனையின் வலப்பக்க இதயத்தில் செலுத்தி, மெல்லிய இழை ஒன்றின் குரலுக்குச் செவிமடுத்தார். ஓரிரு நொடிகளில் இழை துடித்தது. அவ்வளவு குறுகிய நேரத்தில் அப்பொருள் நுரையீரல் நாளங்களைத்தான் அடைந்திருக்க முடியும். இடப்பக்கத்தில் செலுத்தினாலோ அவ்விரைவு இல்லை. ஆகவே நரம்பு முனை இருப்பது நுரையீரலில். நுரையீரலில் எங்கே? மயக்க மருந்தின் ஆவியைக் காற்றுவழியே ஊதினார்; நொடிக்கும் குறைந்த நேரத்தில் அதே இழை துடித்தது. குருதி வழி வந்தாலும் விரைவு, காற்று வழி வந்தாலும் விரைவு எனில், குருதிக்கும் காற்றுக்கும் இடைப்பட்ட மெல்லிய சுவரில், தந்துகியை ஒட்டியே அது இருத்தல் வேண்டும். கடிகாரத்தை மட்டும் துணைகொண்டு இடத்தை வரையறுத்த இந்த வாதத்தின் அழகு, கணித நிரூபணத்தின் அழகு எனலாம்.

1955இல் இம்முனைகளை முதலில் வெளியிட்டபோது, நுரையீரல் சுருங்குவதை அறிவிப்பவை என்று கருதி, அதற்கேற்ற பெயரைத்தான் அவர் இட்டார். பின்னர் சுருக்கம் அவற்றின் இயல்பான தூண்டுதல் அன்று எனக் கண்டார். தந்துகியில் அழுத்தம் மிகுந்து, நீர் கசிந்து, சுற்றிலுமுள்ள இழைமம் ஊறும்போதே அவை உரத்துப் பேசுகின்றன. உடனே தாம் இட்ட பெயரைத் தாமே கைவிட்டு, 1969இல் ‘ஜே’ உணர்வேற்பிகள் என்று மாற்றினார். ‘அருகே’ எனப் பொருள்படும் ‘ஜக்ஸ்டா’ என்னும் லத்தீன் சொல்லின் முதலெழுத்து அது. தம் பெயரைச் சூட்டிக்கொள்ளவில்லை.

இம்முனைகள் தூண்டப்பட்டால் விலங்கின் மூச்சு ஒரு கணம் நின்று, பின் வேகமாகவும் மேலோட்டமாகவும் ஓடுகிறது, நாடி தளர்கிறது, குருதியழுத்தம் தாழ்கிறது. இவற்றோடு நில்லாமல் கால் தசைகளும் வலுவிழக்கின்றன! 1970இல் தேஷ்பாண்டேயும், பின்னாளில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய தேவானந்தனும் இதைச் சோதனையால் காட்டினர். இதிலிருந்து பெயின்டல் துணிந்து ஒரு முடிவுக்கு வந்தார். கடும் உழைப்பிலோ உயர்ந்த மலையிலோ நுரையீரல் நீர்கோத்துக்கொள்ளும் நிலை நெருங்கும்போது, மூச்சு முட்டச் செய்தும் தசையைத் தளரச் செய்தும், “போதும், நில்” என்று உடலைத் தடுக்கும் காவலே இது என்றார். 1962க்குப் பின் இமயத்தின் உச்சிக்கு விரைந்து ஏற்றப்பட்ட நம் படைவீரர் பலர் நுரையீரல் நீர்கோத்து வீழ்ந்ததை நினைத்தால், இக்கேள்வி வெறும் ஏட்டுக் கேள்வி அன்று என்பது புலப்படும்.

எல்லாரும் இதை ஒப்பினர் என்று சொல்வதற்கில்லை. மாற்று நுரையீரல் பொருத்தப்பட்டோருக்கு வேகஸ் இழைகள் அறுபட்டுள்ளன. அவர்களும் உழைத்தால் மூச்சு வாங்கத்தானே செய்கிறது என்று எதிர்த்தோர் கேட்டனர். நியாயமான கேள்வியே. மூச்சுத்திணறலுக்கு ஊற்றுகள் பல. அவற்றுள் ஒன்றை பெயின்டல் கண்டார் என்பதே நம் மதிப்பீடு. அவரோ ஓயவில்லை. 1990களில் தம் குழுவினரோடு, லோபிலின் என்னும் மருந்தைத் தன்னார்வலர்களுக்குச் செலுத்தி, அவர்கள் தொண்டையிலும் நெஞ்சிலும் உணர்வதை அவர்கள் வாயாலேயே கேட்டறிந்தார். பூனை சொல்ல முடியாததை மனிதர் சொன்னார்கள்.

1981இல் இலண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். அப்பெருமை பெற்ற முதல் இந்திய உடலியங்கியலார் அவர். 1986இல் பத்ம விபூஷண் விருதும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநர் பொறுப்பும் வந்தன. ஆய்வில் பொய்யும் திருட்டும் புகாமல் காக்கும் அறிவியல் விழுமியக் கழகம் ஒன்றையும் அதே ஆண்டில் தொடங்கி, அதன் முதல் தலைவரானார். பதவி அவருக்கு எப்போதும் நன்றாக அமைந்தது என்று சொல்ல மாட்டோம். எய்ட்ஸ் பரவத் தொடங்கிய அவ்வாண்டுகளில், வெளிநாட்டாருடன் உடலுறவைச் சட்டத்தால் தடுக்க வேண்டும் என்று அவர் சொன்னது, துல்லியத்துக்குப் பெயர்பெற்ற ஓர் அறிஞரிடம் நாம் எதிர்பார்க்காத சொல். 2004 டிசம்பர் 21இல் தில்லியில் காலமானார்.

சிவகாசிக்கு இதனால் என்ன? வெடியுப்பும் கந்தகமும் கரித்தூளும் தீப்பற்றும்போது எழும் புகையில் இருவகை நச்சு உண்டு. கந்தக வாயு ஈரத்தில் உடனே கரையும். மூக்கையும் தொண்டையையும் எரித்து, இருமவைத்து, ஆளை விரட்டிவிடும். நைட்ரஜன் ஆக்சைடு வாயுவோ எளிதில் கரையாது. தொடக்கத்தில் பெரிதாக எரிக்காமல், ஆழத்திலுள்ள காற்றறைகளை அடைந்து, தந்துகிச் சுவரைப் புண்ணாக்கும். சில மணி நேரம், சில வேளை ஒரு நாளுக்கும் மேல் கழிந்தபின் அங்கே நீர் கசியத் தொடங்கும். பெயின்டலின் காவலன் விழிக்கும் இடம் அதுவே. 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டியில் முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்ட வெடிவிபத்து போன்றவற்றின் செய்திகளில் மாண்டோர் தொகையையும் தீக்காயம் பட்டோர் தொகையையும் காண்கிறோம். புகையை உட்கொண்டோர் தொகையைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. மேனியில் காயமில்லை என்று வீடு திரும்பியவர் இரவில் “இளைப்பா இருக்கு” என்றால், அதை வேலைக் களைப்பு என்று தள்ளிவிடலாகாது. அமைதியாக இருப்பவரின் மூச்சு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை ஓடும். 30ஐத் தொட்டு மேலோட்டமாக ஓடினால், விடியட்டும் என்று காத்திராமல் ஆக்சிஜன் வசதியுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியே இயங்கி வருகிறது. மூச்சை எண்ணக் கருவி எதுவும் வேண்டுவதில்லை, கைக்கடிகாரம் போதும்.