ராமன் விளைவு: நேரியலற்ற ஒளிச்சிதறலும் கர்த்தா என்னும் கருத்தும்

ராமன் விளைவு என்பது, ஒரே நிறமுடைய ஒளி ஒரு பதார்த்தத்தின் மூலக்கூறுகளிற்பட்டுச் சிதறுங்கால், சிதறிய ஒளியில் மிகச் சிறிய பகுதி அதிர்வெண் மாறி வெளிப்படும் நிகழ்ச்சியாகும். திருவானைக்காவலிற் பிறந்த சந்திரசேகர வெங்கட ராமனும் (1888–1970), வத்திராயிருப்பிற் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனும் (1898–1961) 1928-இல் கல்கத்தாவில் கண்ட இவ்விளைவு, லேசர் தோன்றிய பின் நேரியலற்ற குவாண்டம் நிகழ்ச்சியாகவும் விரிந்தது. ஒரு கண்டுபிடிப்புக்குக் கர்த்தா யார் என்று ஆராய்வோர்க்கும் இது சிறந்த உதாரணமாக விளங்குகிறது.

இயல்பு

ஒளித்துகள் மூலக்கூறின் அதிர்வுக்குத் தன் சக்தியில் ஒரு பங்கை அளித்துவிட்டு வெளியேறுமாயின் அதன் அலைநீளம் கூடும். அதிர்விலிருந்து சக்தியைப் பெற்று வெளியேறுமாயின் குறையும். பாதரச ஆவி விளக்கின் 435.8 நானோமீட்டர் நீலக்கோட்டைப் பென்சீனிற் செலுத்தினால், நிறமாலையில் 455 நானோமீட்டரை ஒட்டி மங்கலான புதுக்கோடு ஒன்று தோன்றும். மாற்றத்தின் அளவு பென்சீனுக்கே உரியதாதலால், அக்கோடு அத்திரவத்தின் அடையாளமாகிறது. இவ்வாறு மாறும் ஒளித்துகள் ஏறத்தாழக் கோடியில் ஒன்றே.

கண்டறிந்த வரலாறு

பௌபஜார் வீதியிலிருந்த இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தில் செய்த பரிசோதனை மிக எளியது. தொலைநோக்கியின் வில்லையாற் குவித்த சூரிய ஒளியை நீலக் கண்ணாடி வழியே திரவத்திற் செலுத்தினர். நீலத்தை முற்றும் தடுக்கும் பச்சைக் கண்ணாடியொன்றை ஒளி புகும் வழியில் வைத்தால் யாவும் இருளும். அதையே எடுத்துத் திரவத்துக்கும் கண்ணுக்கும் இடையில் வைத்தால், இருள வேண்டிய இடத்தில் மெல்லிய ஒளித்தடம் தெரியும். உள்ளே புகாத நிறம் உள்ளிருந்து வருகிறதென்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆயினும் அத்தடத்தை முதலிற் கண்டவர் இவ்விருவர் அல்லர். அதே ஆய்வுக்கூடத்தில் கே. ஆர். ராமநாதன் 1923-இலேயே நீரில் அத்தகைய மங்கிய ஒளியைக் கண்டு, அதை ஒளிர்வெனக் கருதினார், பின்னர் எஸ். வெங்கடேஸ்வரன் கிளிசரினில் பசுமை சார்ந்த ஒளியைக் கவனித்தார். வியன்னாவில் ஸ்மேக்கல் 1923-இலும், கிராமர்ஸ், ஹைசன்பர்க் ஆகியோர் 1925-இலும் கொள்கையளவில் இதை முன்னுரைத்திருந்தனர். மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க், மண்டல்ஷ்டாம் ஆகியோர் அதே 1928 பிப்ரவரியில் குவார்ட்ஸ் படிகத்தில் இதைக் கண்டனர். அவர்கள் கட்டுரை பிந்தி வந்தது.

‘நேச்சர்’ இதழில் 1928 மார்ச் 31-இல் வந்த முதற்குறிப்பில் ராமன், கிருஷ்ணன் இருவர் பெயரும் உள்ளன. பெங்களூரில் மார்ச் 16-இல் ராமன் ஆற்றிய சொற்பொழிவு அவர் ஒருவர் பெயரிலேயே அச்சாயிற்று. கிருஷ்ணனின் ஒத்துழைப்பையும் வெங்கடேஸ்வரனின் உதவியையும் அதில் அவர் நன்றியோடு குறித்தார். 1930-இன் நோபல் பரிசு ராமனுக்கு மட்டுமே கிட்டியது. 1933-இல் அவர் பெங்களூரின் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்கு இயக்குநராக வந்து, இறுதிவரை அந்நகரிலேயே வாழ்ந்தார்.

நேரியலற்ற நிலை

ராமன் கண்ட சிதறல் நேரியலானது: விளக்கின் ஒளி இருமடங்கானால் சிதறலும் இருமடங்காகும், இரண்டு விளக்குகளை ஏற்றினால் ஒவ்வொன்றின் பங்கையும் தனித்தனியே அளந்து கூட்டிவிடலாம். 1962-இல் அமெரிக்காவில் உட்பரி, இங் என்னும் இருவர், நைட்ரோபென்சீன் அடைத்த கலமொன்றை உட்கொண்ட மாணிக்க லேசரை இயக்கியபோது, அதற்குரிய 694 நானோமீட்டர் ஒளியுடன், எதிர்பாராத வலிய அகச்சிவப்பு ஒளி ஏறத்தாழ 767 நானோமீட்டரிற் புறப்பட்டது. அது நைட்ரோபென்சீனின் ராமன் மாற்றமே என்பது பின்னரே தெளிவாயிற்று. தூண்டிய ராமன் சிதறல் எனப்படும் இதில், சிதறல் விகிதம் லேசரின் செறிவை, முன்பே உள்ள மாறிய ஒளித்துகள்களின் தொகையோடு ஒன்று கூட்டிப் பெருக்கிய பலனுக்கு ஏற்ப அமையும். அந்த ‘ஒன்று’ வெளியிலிருந்து எவரும் விதைக்காமலே, குவாண்டம் ஏற்றத்தாழ்விலிருந்து எழுவது. பின்வருவன யாவும் அதன் பெருக்கம். ஆகவே தொடக்கம் லேசரின் ஒவ்வொரு துடிப்பிலும் வேறுபட, முழு ஒளியின் ஆற்றலும் துடிப்புக்குத் துடிப்பு மாறுகிறது. கண்ணாடி இழைகளில் செய்தி தாங்கிச் செல்லும் ஒளியைப் பெருக்கவும் இதே விளைவு பயன்படுகிறது.

கர்த்தா என்னும் கருத்து

முதலிற் கண்டவர், பொருள் உணர்ந்தவர், எழுதி வெளியிட்டவர், பெயர் நிலைத்தவர் என நால்வரையும் ‘கர்த்தா’ என்ற ஒரே சொல் சுட்டுகிறது. இவ்வரலாற்றிலோ அந்நால்வரும் ஒருவரல்லர். பங்குகளைக் கூட்டிக் கணக்கிடும் முறை விளக்குகளுக்குப் பொருந்தும். ஒருவர் கேள்வி மற்றவர் கைத்திறனைப் பெருக்க, அது மீண்டும் கேள்வியைக் கூர்மையாக்கும் கூட்டாய்வுக்கு அது பொருந்தாது. பெருக்கற்பலனில் எந்தக் காரணி எவ்வளவு தந்தது என்று பிரிக்க முயல்வது, நீளமும் அகலமும் தனித்தனியே பரப்பில் எத்தனை பங்கு தந்தன என்று கேட்பதை ஒக்கும். ஆயினும் ராமன் இல்லையேல் கிருஷ்ணன் அக்கூடத்தில் இரார். காரணி ஒன்று சூனியமானால் பலனும் சூனியமே. ருஷ்ய நூல்கள் இதை ‘இணைப்புச் சிதறல்’ என ஆட்பெயரின்றியே வழங்குகின்றன. பிற நாட்டார் ராமன் பெயரால் வழங்குகின்றனர். கிருஷ்ணன் பெயர் முதற்குறிப்பில் இருக்கிறது.