பிறேக் ஒயிலும் தையல் மெசின் எண்ணெயும்

போன சனிக்கிழமை எங்கள் மொறிஸ் மைனருக்குப் பிறேக் ஒயில் மாற்றினோம். 1958 ஆம் ஆண்டுக் கார். அப்பா வாங்கியது. இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் காருக்குக் கீழே படுத்துச் சில்லுக்குப் பின்னால் உள்ள சிறு நிப்பிளைத் திறந்து பூட்ட, மற்றவர் உள்ளே இருந்து பிறேக்கை மிதிக்க வேண்டும். மிதிக்கும் வேலை எனக்கு. படுக்கிற வயது போய்விட்டது.

மைனர் வைத்திருந்தவர்களுக்குத் தெரியும், அதன் பிறேக் ஒயில் டாங்கி பொனற்றைத் திறந்தால் தென்படாது. சாரதியின் காலடியில், கார்ப்பெட்டைத் தூக்கினால், தகட்டில் ஒரு வட்டத் துவாரமும் மூடியும் இருக்கும். அதற்குக் கீழேதான் மாஸ்ரர் சிலிண்டர். 1948 இல் இலண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சியில் இந்தக் காரை வெளியிட்ட காலத்திலிருந்தே அதன் இடம் அதுதான். அதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் பெரிய கெட்டிக்காரர், ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவரோடு எனக்கு மனத்தாங்கல் உண்டு. கண்ணில் படாத டாங்கியை யார் நினைத்துப் பார்க்கப் போகிறார்கள்? எஞ்சின் ஒயிலைக் கிழமைக்கு ஒருதரம் பார்க்கிறவர்கள்கூட இதை வருடக்கணக்காகத் திறந்தே பார்ப்பதில்லை.

கம்பியாலும் கேபிளாலும் பிறேக் பிடித்த காலம் ஒன்று இருந்தது. நாலு சில்லும் ஒரேயளவு பிடிக்காமல் கார் ஒரு பக்கம் இழுக்கும். திரவத்தை நெருக்கினால் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் போகும் என்ற பாஸ்கலின் விதியை நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தோம். அதைக் காருக்குள் கொண்டுவந்தவர் மல்கம் லொக்ஹீட் என்ற அமெரிக்கர். விமானக் கம்பனி லொக்ஹீட்டின் அலன் இவருடைய தம்பி. 1921 இல் டியூசன்பேர்க் காரில் நாலு சில்லுக்கும் திரவப் பிறேக் வந்தது. 1924 இல் கிறைஸ்லர் அதையே நடுத்தர விலைக் காருக்குக் கொண்டுவந்தார். முதலில் சிலிண்டருக்குள் தோலால் செய்த கப் இருந்தது. அது ஒழுகியது. கிறைஸ்லரின் பொறியியலாளர்கள் தோலை எடுத்துவிட்டு றப்பர் கப் போட்டார்கள். இங்கிலாந்தில் 1935 இன் மொறிஸ் எயிற் லொக்ஹீட் பிறேக்கோடுதான் வந்தது. போர்ட் பொப்பியூலர் மட்டும் 1959 வரை கம்பியையே பிடித்துக்கொண்டு நின்றது.

அந்தக் குழாய்க்குள் அவர்கள் ஊற்றியது என்ன தெரியுமா? ஆமணக்கெண்ணெயும் அற்ககோலும். நாங்கள் சிறுவராக இருந்தபோது மூக்கைப் பொத்திக்கொண்டு பேதிக்குக் குடித்த அதே ஆமணக்கெண்ணெய். காரணம் இருக்கிறது. அது இயற்கை றப்பரைக் கெடுக்காது, சிலிண்டருக்கு வழுவழுப்புக் கொடுக்கும், மற்ற எண்ணெய்களைப் போலன்றி அற்ககோலில் நன்றாகக் கரையும். குறை என்னவென்றால் அற்ககோல் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். பிறகு வந்த கிளைக்கோல் வகைத் திரவங்கள்தான் அந்த இடத்தைப் பிடித்தன. இன்றைக்குப் போத்தலில் வாங்குவதும் அவற்றைத்தான்.

இதையெல்லாம் நான் படித்தது மிகவும் பிந்தி. ஆமணக்கெண்ணெய்ப் பிறேக்கைக் கண்ணால் கண்டது 1992 இல்.

அந்த வருடங்களை வாசிக்கிற உங்களில் பலருக்கு நான் சொல்லத் தேவையில்லை. 1990 ஆனி மாதம் பாதை பூட்டியபிறகு கரண்ட் இல்லை, பெற்றோல் இல்லை. ஏ40களும் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. காபறேற்றருக்குள் நாலு துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் எடுத்து, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். பின்னால் புகை ஒரு ஒழுங்கை நீளத்துக்கு வரும். மண்ணெண்ணெயைப் பற்றி எழுதாதவர் இல்லை. பிறேக்கைப் பற்றி ஒருவரும் எழுதக் காணேன்.

பிறேக் ஒயில் கிடைக்கவில்லை. எங்கள் பக்கத்துக் கராச்சுக்கார அண்ணை ஒரு வழி கண்டுபிடித்தார். குழாய்களை எல்லாம் ஸ்பிரிட்டால் கழுவி, ஆமணக்கெண்ணெயையும் ஸ்பிரிட்டையும் கலந்து விட்டார். அவருக்கு லொக்ஹீட்டைத் தெரியாது. யாரோ பழைய ஆள் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். என் காருக்கு அந்தக் கலவையைக் கலந்து விட்டது அவரிடம் வேலை பழகிய பதினைந்து வயதுப் பெடியன். என்னிடம் எட்டாம் வகுப்பில் படித்தவன்.

இரண்டு மாதம் கார் நன்றாக ஓடியது. பிறகு ஒருநாள் மூடியைத் திறந்து பார்த்தேன். டாங்கி குறைந்திருந்தது. கராச்சுக்குப் போகப் பஞ்சி. வீட்டில் மனைவியின் தையல் மெசினுக்கு வைத்திருந்த எண்ணெய்ப் போத்தல் இருந்தது. மெல்லியது, தெளிவானது, பார்த்தால் பிறேக் ஒயில் போலவே இருக்கும். அரைக் கோப்பை விட்டேன். எண்ணெய்தானே என்று நினைத்தேன்.

ஒரு கிழமை கழித்து இரவு பதினொரு மணிக்கு அடுத்த வீட்டில் பிரசவ வலி. பெண்ணையும் தாயையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிட்டேன். பாதி வழியில் கார் கனக்கத் தொடங்கியது. முழு வாயு கொடுத்தும் நகரவில்லை. இறங்கிச் சில்லைத் தொட்டால் கை சுட்டது. பிறேக் பிடித்தபடி நின்றுவிட்டது. மிதியை விட்டாலும் விடவில்லை. நாங்கள் தள்ளிப் பார்த்தும் அசையவில்லை. இருட்டுக்குள் வெங்காயம் ஏற்றி வந்த லான்ட்மாஸ்ரர் ஒன்றை மறித்து, மூடைகளை இறக்கி, அந்தப் பிள்ளையை அதில் கிடத்திக் கொண்டுபோனோம். குழந்தை பிழைத்தது. தாயும் பிழைத்தாள். அந்த இரண்டு மைலும் அவள் கத்திய கத்தலை நான் மறக்கவில்லை.

அடுத்த நாள் கராச்சில் கழற்றிப் பார்த்தால் றப்பர் கப்புகள் எல்லாம் ஊதி, பிசுக்குப் பிடித்து இருந்தன. "என்னத்தைக் கலந்தனி?" என்று கேட்டு அண்ணை பெடியனுக்குக் கன்னத்தில் அறைந்தார். நாளையிலிருந்து வராதே என்றார். பெடியன் என்னைப் பார்த்தான். நான் வாய் திறக்கவில்லை. அரைக் கோப்பை எண்ணெயா இவ்வளவும் செய்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சமாதான காலத்தில், 2003 இல், கொழும்பில் பழைய புத்தகக் கடையொன்றில் மைனரின் வேர்க்ஷொப் மனுவல் கிடைத்தது. பிறேக்கில் கனிய எண்ணெய் படவே கூடாது என்று அதில் எழுதியிருந்தது. தையல் மெசின் எண்ணெய் கனிய எண்ணெய். இயற்கை றப்பர் அதைக் குடித்து ஊதும். மாஸ்ரர் சிலிண்டரின் கப் ஊதினால், திரவம் டாங்கிக்குத் திரும்புகிற ஊசித் துவாரத்தை அது அடைத்துவிடும். அழுத்தம் இறங்க வழியில்லை. பிறேக் பிடித்தபடியே நிற்கும், சூடேறும், இன்னும் இறுகும். அன்று இரவு நடந்தது வரிசையாக அதுதான். பெடியன் கலந்த கலவையோ அந்தப் பழைய ஆமணக்கெண்ணெய்க் கலவை. அது றப்பரை ஒன்றும் செய்திருக்காது.

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இப்போதைய பிறேக் ஒயில் காற்றிலிருந்து ஈரத்தைக் குடிக்கும். டொட் 3 புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. 3.7 வீதம் தண்ணீர் சேர்ந்தால் அந்த எல்லை 140 பாகைக்கு இறங்கிவிடும். கடுகண்ணாவையில் இறங்குகிறவருக்கு அது ஆபத்து. எங்கள் ஊரில் மலை இல்லை. இங்கே பயப்பட வேண்டியது துருவுக்கு. ஈரம் சிலிண்டரை உள்ளே அரித்துவிடும். மைனரில் முன் சில்லுக்கு இரண்டு, பின் சில்லுக்கு ஒன்று என்று ஆறு சில்லுச் சிலிண்டர்கள், எல்லாவற்றுக்கும் ஒரே குழாய் வழி. ஒன்று ஒழுகினால் நாலு சில்லிலும் பிறேக் போகும். ஆகவே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். பெயின்றில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், உரித்துவிடும்.

சனிக்கிழமை காருக்குக் கீழே படுத்திருந்தவர் அந்தப் பெடியன்தான். இப்போது ஐம்பதை நெருங்குகிறார். சொந்தமாகக் கராச் வைத்திருக்கிறார். வழக்கம்போல மாஸ்ரர் சிலிண்டருக்கு மிகத் தூரத்தில் உள்ள இடது பின் சில்லில் தொடங்கினோம். தேயிலைச் சாயம் போலப் பழைய ஒயில் போத்தலுக்குள் வடிந்தது. மிதியை அழுத்திப் பிடித்தபடியே, முப்பது வருடத்துக்கு மேலாகச் சொல்லாமல் விட்டதைச் சொன்னேன்.

கொஞ்ச நேரம் கீழேயிருந்து சத்தமில்லை.

"அது எனக்கு அப்பவே தெரியும் மாஸ்ரர். கப்பைக் கழட்டேக்க மணந்து பாத்தனான். எங்கட அம்மான்ர மெசின் மணம்."

"ஏன் தம்பி சொல்லேல்லை?"

"நீங்கள் சொல்லுவியள் எண்டு நினைச்சன்."

நிப்பிளைப் பூட்டுகிற சத்தம் கேட்டது.

"விடுங்கோ மாஸ்ரர். மற்றப் பக்கம் வாறன். டாங்கியைப் பாருங்கோ, குறைஞ்சிருக்கும்."

கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்த்தேன். குறைந்துதான் இருந்தது. புதுப் போத்தலை உடைத்து ஊற்றினேன்.